வியாபாரி அல்ல, தொழிலாளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். செவ்வாய்ப்பேட்டைப் பெரியவர் ஒருவரின் காரியத்தை ஒட்டி உங்கள் நாளிதழில் வந்த கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தில், படத்துக்குக் கீழே ‘வெள்ளிக் கொலுசு வியாபாரி’ என்று போட்டிருந்தது. பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள் பெயர் வரிசையெல்லாம் சரி. அந்த ஒரு சொல் மட்டும் தவறு. குடும்பத்தார் எழுதிக் கொடுத்ததைத்தான் நீங்கள் அச்சிட்டீர்கள், உங்கள்மேல் குறையில்லை. ஆனால் சேலத்தில் வியாபாரி வேறு, பட்டறைக்காரர் வேறு. வியாபாரி கட்டி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார், கொலுசை எடை போட்டு வாங்குவார். நடுவில் நடப்பது முழுக்கப் பட்டறையில். பெரியவர் ஐம்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது அந்த நடுவில்தான்.

நடுவில் அப்படி என்ன நடக்கிறது என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

சுத்த வெள்ளி மென்மையானது. கொலுசாகச் செய்து போட்டால் நாலு மாதத்தில் வளையம் இழுபட்டுவிடும். அதனால் செம்பு சேர்க்க வேண்டும். 80 டச் என்றால் நூறு பங்கில் எண்பது வெள்ளி. புதிதாகப் பட்டறை வைக்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ‘நூற்றுக்கு இருபது’ என்று கணக்குப் போட்டு ஒரு கிலோ வெள்ளிக்கு 200 கிராம் செம்பைப் போட்டுவிடுவார்கள். 1,200 கிராமில் ஒரு கிலோ வெள்ளி என்றால் அது 83 டச்சுக்கு மேலே போய்விடும். 80 கணக்கில் வியாபாரியிடம் திருப்பிக் கொடுக்கும்போது 960 கிராம் வெள்ளிதான் வரவாகும், 40 கிராம் கைவிட்டுப் போகும். வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டிய பிறகு அது நாலாயிரம் ரூபாய்க்கு மேல். சரியான அளவு 250 கிராம் செம்பு. பெரியவர் பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. இந்தக் கணக்கைச் சாக்கட்டியால், வெள்ளி உருக்கும் மூசைக்குப் பக்கத்துத் தரையில் போட்டுப் பார்த்த பிறகுதான் அடுப்பை மூட்டுவார்.

உருக்கும்போது முதலில் வெள்ளி, அது இளகிய பிறகு துண்டு துண்டாகச் செம்பு, மேலே வெங்காரம் (போராக்ஸ்), அதற்கும் மேலே மரக்கரித் தூள். கரித் தூள் வீண் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. உருகிய சுத்த வெள்ளி தன் பருமனைப் போல் சுமார் இருபது மடங்கு ஆக்ஸிஜனை உறிஞ்சிக்கொள்ளும். உறையும்போது அதை வெளியே தள்ளுவதால் கட்டியின் முகம் கொப்புளித்துத் துப்பும். செம்பு சேர்ந்த வெள்ளியில் துப்பல் குறைவு, ஆனால் அந்த ஆக்ஸிஜன் செம்பைப் பிடித்துக்கொண்டு உலோகத்தை நொறுங்கலாக்கும். கரி மூடியிருந்தால் காற்று இறங்காது. ஊற்றும் இரும்பு அச்சு சூடாக இருக்க வேண்டும், உள்ளே எண்ணெய் தடவியிருக்க வேண்டும். ஈரம் ஒரு சொட்டு இருந்தாலும் வெள்ளி முகத்தில் தெறிக்கும்.

அவர் பட்டறைக்குள் போனவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி, ஏன் இப்படி இருட்டாக வைத்திருக்கிறீர்கள் என்பது. கஞ்சத்தனம் என்று நினைத்தவர்களும் உண்டு. துளைத் தகட்டில் பெரிய துளையிலிருந்து சின்னத் துளைக்குக் கம்பி இழுக்க இழுக்க வெள்ளி விறைக்கும். மூன்று நான்கு துளை இழுத்ததும் சூடு காட்டி இளக வைக்காவிட்டால் அடுத்த துளையில் பட்டென்று அறும். அந்தச் சூடு மங்கலான சிவப்பில், 600 முதல் 650 டிகிரிக்குள் நிற்க வேண்டும். வெயில் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது. தெரிகிற அளவு சிவந்தால் சூடு கடந்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளி 961 டிகிரியில்தானே உருகும், இடைவெளி நிறைய இருக்கிறதே என்று கேட்கலாம். அது சுத்த வெள்ளிக்கு. செம்பு சேர்ந்த 80 டச் வெள்ளி 780-ஐத் தொட்டாலே உள்ளுக்குள் இளக ஆரம்பித்துவிடும். கம்பி பார்வைக்கு முழுசாக இருக்கும், மடக்கினால் உடையும். வெப்பமானி இல்லாத பட்டறையில் இருட்டுதான் வெப்பமானி.

அடுத்தது பற்றவைப்பு. ஆளை எடை போடுவது இதில்தான். பொடி வைத்து ஊதுவது என்று ஊரெல்லாம் சொல்கிறோமே, அந்தப் பொடி. வெள்ளியும் பித்தளையும் சேர்த்து உருக்கி, அரத்தால் ராவி எடுத்த தூள். பித்தளையில் உள்ள துத்தநாகம்தான் அதைக் கொலுசு உடம்புக்கு முன்னால் உருக வைக்கிறது. வெங்காரத்தைத் தண்ணீர் விட்டுக் கல்லில் இழைத்து, பொடியோடு குழைத்து, மூட்டில் வைத்து ஊத வேண்டும். எடுத்த எடுப்பிலேயே சூட்டை மூட்டில் காட்டினால் வெங்காரம் பொங்கிப் பொடியைத் தூக்கி எறிந்துவிடும். முதலில் தூரத்தில் காட்டி ஈரத்தை வாங்கி, பிறகு சுற்றிலும் உடம்பைச் சூடாக்கி, கடைசியாகத்தான் மூட்டுக்கு வர வேண்டும். பொடி எப்போதும் சூடான பக்கம் ஓடும். உடம்பு ஆறியிருந்து பொடி மட்டும் உருகினால் உருண்டையாக உட்கார்ந்துகொள்ளும், பிடிக்காது.

வளையத்தின் இரண்டு முனையும் ஒட்டி நிற்கும்படி முதலில் குறட்டால் மூட வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் பொடி அதைப் பாலம் போல மேலே மூடுமே தவிர உள்ளே நிரப்பாது. கடையில் பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கும், புடவைக் கரையில் ஒரு தரம் மாட்டினால் திறந்துகொள்ளும். பொடி அதிகமானால் பக்கத்து வளையத்துக்குள் ஓடிச் சங்கிலி விறைத்துவிடும், காலில் மடியாது. அதிக நேரம் ஊதினால் துத்தநாகம் புகையாகப் போய் மூட்டில் ஊசிக்குத்து போலக் குழி விழும். சலங்கைக்கு இரண்டு கிண்ணத்தையும் சேர்க்கும் முன் கீழே கீறல் இருக்கிறதா என்று பார்க்காமல் ஊதினால் உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் வழியில்லாமல் வெடிக்கும். பொடியைக் கொஞ்சமாக வைப்பதில் பெரியவரைப் போல ஒருவர் எங்கள் தெருவில் இல்லை. சாமணத்தின் முனையில் கடுகில் பாதி எடுப்பார்.

இந்தக் கஞ்சத்தனத்துக்கும் காரணம் இருந்தது. 100 கிராம் கொலுசில் 90 கிராம் உடம்பு 80 டச், 10 கிராம் பொடி 50 டச் என்று வைத்துக்கொள்ளுங்கள். உருக்கினால் வெள்ளி 72-ம் 5-ம் சேர்ந்து 77. பழைய கொலுசை மாற்றப் போகும் பெண்கள் ‘எண்பது என்று சொல்லித்தானே விற்றீர்கள்’ என்று கடையில் சண்டை போடுவது இந்த மூன்றுக்காகத்தான். பல நேரம் யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள், பொடிதான் தின்றிருக்கும்.

ஏமாற்று வேறு விதம். டச் குறைந்த வெள்ளியைக் காற்றில் சூடாக்கினால் மேற்பரப்பில் உள்ள செம்பு கறுக்கும். நீர்த்த கந்தகத் திராவகத்தில் போட்டால் அந்தக் கறுப்பு கரைந்து போகும். முன்பு புளித் தண்ணீரில் காய்ச்சுவார்கள். மூன்று நான்கு தரம் இப்படிச் செய்தால் மேலே சுத்த வெள்ளியாக ஒரு தோல் நின்றுவிடும். பூந்திக்கொட்டை நுரையில் பித்தளைப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று இருக்கும். நல்ல வெள்ளிக்கும் இதேதான் செய்கிறோம், அதில் தப்பில்லை. ஆனால் 50 டச் கொலுசும் முதல் நாள் 90 போல நிற்கும், தோல் தேய்ந்ததும் கணுக்கால் பக்கம் சிவப்பு எட்டிப் பார்க்கும். பொட்டாசியம் டைகுரோமேட் கலந்த நைட்ரிக் திராவகத்தில் நல்ல வெள்ளி ரத்தச் சிவப்பாகும் என்பது உண்மைதான், ஆனால் தோல்மேல் சொட்டு விட்டால் தோலின் டச்தான் தெரியும். மறைவான இடத்தில் அரத்தால் ஒரு ராவு ராவிவிட்டுச் சொட்டு விடச் சொல்லுங்கள். கொலுசு வாங்கும்போது கொக்கி மாட்டும் கடைசி வளையத்தையும் பாருங்கள். முதலில் தேய்வது அதுதான். பெரியவர் அதற்கு மட்டும் தடித்த கம்பி போடுவார். கூலி எல்லாவற்றுக்கும் எடைக்கணக்குதான், தனியாக யாரும் கொடுத்ததில்லை.

அவர் வீட்டு வாசலில் ஒரு சாக்கு கிடக்கும். உள்ளே வரும்போது யாரும் அதை மிதிக்காவிட்டாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். வெளியே போகும்போதுதான், “காலைத் தட்டிட்டுப் போ சாமி” என்பார். காலோடு வந்து ஒட்டிய வெள்ளித் தூளுக்காக வருஷத்துக்கு ஒரு தரம் அந்தச் சாக்கை எரித்துச் சாம்பலை வெங்காரத்தோடு உருக்குவார்கள். கை கழுவிய தண்ணீர் தொட்டியில் நின்று தெளியும், அடியில் தங்கிய மண்டியும் அதோடு சேரும். சேதாரம் என்று வியாபாரி ஒப்புக்கொள்வது ஓர் அளவுக்குத்தான், மீதி பட்டறைக்காரர் தலையில். பேரப்பிள்ளைகள் ‘அப்பாரு’ என்று ஓடிவந்து மடியில் விழுந்தால்கூட, எழுந்து போகுமுன் சட்டையை உதறிவிட்டுத்தான் அனுப்புவார்.

இப்போது கம்பி இழுக்கவும் சங்கிலி பின்னவும் இயந்திரம் வந்துவிட்டது. ஆக்ராவிலிருந்தும் ராஜ்கோட்டிலிருந்தும் வரும் சரக்கோடு கைவேலை விலையில் நிற்க முடியாது, அதைப் பற்றி அழுது பயனில்லை. ஆனால் அவருடைய துளைத் தகடு இன்னும் வீட்டில் இருக்கிறது. துளைகள் தேய்ந்து அகலமாகியிருக்கும், சிலவற்றைச் சுத்தியால் தட்டிச் சுருக்கியிருப்பார். பழைய இரும்புக்குப் போட வேண்டாம் என்று குடும்பத்தாரிடம் சொல்லியிருக்கிறோம்.

அடுத்த வருஷம் நினைவு நாள் விளம்பரத்துக்கு அவர்கள் வரும்போது, உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்கள் அந்த ஒரு சொல்லை மாற்றிப் போட உதவ வேண்டும். ‘வியாபாரி’க்கு நான்கு எழுத்து, ‘தொழிலாளி’க்கும் நான்கு எழுத்துதான். கட்டணம் ஏறாது.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைத் தொழிலாளர்கள் சிலர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.