மறுஅனுப்பல் சர்வர் எங்கே இருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஃபைபர் வழியாக டிவி பார்க்கும் வீடுகளில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது என்று புகார் வந்தால், சேனல்கள் கிளம்பும் மைய நிலையமான ஹெட்எண்டில், தொலைந்த தரவைத் திரும்ப அனுப்பும் மறுஅனுப்பல் சர்வரை இன்னும் பெரிதாக வாங்கி வைப்பது ஆபரேட்டர்களின் வழக்கம். அந்தப் பணம் பெரும்பாலும் வீண். சர்வரின் திறனைவிட அது இருக்கும் இடம்தான் இங்கே முக்கியம்.

நேரலைச் சேனல்கள் மல்டிகாஸ்ட் முறையில் வருகின்றன. ஹெட்எண்ட் ஒரே ஒரு பிரதியை அனுப்பும். வழி பிரியும் இடங்களில் ரவுட்டர்கள் அதை நகலெடுத்துக் கொடுக்கும். 1989-இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணம் ஆர்எஃப்சி 1112 முதல் இதுதான் ஏற்பாடு. மிகச் சிக்கனமானது. ஆனால் வழியில் தொலைந்த பாக்கெட் (தரவுத் துண்டு) தானாகத் திரும்பி வராது. செட்டாப் பாக்ஸ்தான் வரிசை எண்ணில் இடைவெளியைப் பார்த்துக் கேட்டு வாங்க வேண்டும். (யுடிபி என்ற எளிய நெறிமுறையில் மட்டும் அனுப்பினால் அந்த எண்ணே இருக்காது; பாக்கெட்டுக்கு எண் இடும் ஆர்டிபி நெறிமுறை கட்டாயம்.)

4 எம்பிபிஎஸ் சேனல் ஒன்றில், பாக்கெட்டுக்கு 1,316 பைட் வீதம், நொடிக்குச் சுமார் 380 பாக்கெட் போகின்றன. ஆயிரம் வீடுகள் தனித்தனியே நூற்றுக்கு ஒன்றை இழந்தால், ஏறக்குறைய எல்லா பாக்கெட்டும் எங்காவது ஒரு வீட்டில் தொலைந்திருக்கும். நொடிக்கு 3,800 கோரிக்கை ஹெட்எண்டில் வந்து விழும். நேரமும் இடம் கொடுக்காது. செட்டாப் பாக்ஸ் காட்டுவதற்கு முன் சேமித்து வைக்கும் பஃபர் 150 மில்லிசெகண்ட், ஹெட்எண்டுக்குப் போய்வர 40 என்றால் மூன்று முறைக்கு மேல் கேட்க முடியாது. 3 மில்லிசெகண்டில் எட்டும் சர்வரிடம் எத்தனையோ முறை கேட்கலாம்.

பக்கத்தில் வைக்கும் சர்வர் பெரிதாக இருக்கத் தேவையே இல்லை. ஒரு சேனலின் கடைசி 10 நொடியைச் சேமிக்க 5 எம்பி போதும். 200 சேனலுக்கு 1 ஜிபி.

எந்த இடம் என்பதைத் தொலைந்த எண்களே சொல்லிவிடும். ஒரே ஓஎல்டியின் (ஒரு பகுதி வீடுகளின் ஃபைபர்கள் வந்து சேரும் ஆபரேட்டர் கருவி) கீழுள்ள செட்டாப் பெட்டிகளின் இழப்புப் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வீடு எண்கள் வேறுபட்டால் இழப்பு கடைசிக் கம்பியிலோ வீட்டு வைஃபையிலோ நடக்கிறது. ஓஎல்டியை ஒட்டிய சர்வரே அதைச் சரிசெய்துவிடும். எல்லாப் பெட்டியிலும் அதே எண்கள் என்றால் பழுது மேலே, பொது வழியில். அந்த பாக்கெட் கீழே இருக்கும் சர்வருக்கும் வந்திருக்காது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பழுதான இணைப்புக்கு மேலே பிரதி வைத்திருக்கும் இன்னொரு சர்வர் வேண்டும். கீழே உள்ளது எல்லோர் சார்பிலும் ஒரே முறை கேட்டு வாங்கி, தன் கிளைக்கு மட்டும் மல்டிகாஸ்டில் விநியோகிக்க வேண்டும். ஓரிரு வீடுகள் மட்டும் கேட்டால் அவற்றுக்குத் தனியாக அனுப்புவதே சரி. இல்லாவிட்டால் கேட்காதவர் வழியும் நிரம்பும்.

நான்கு சர்வருக்குத்தான் பட்ஜெட் என்றால், புகார் அதிகமுள்ள முதல் நான்கு இடங்களைக் குறித்துக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். அவற்றில் இரண்டு ஒரே கிளையில் இருக்கக்கூடும். மறுஅனுப்பல் கடக்கும் மொத்தத் தூரத்தை அதிகம் குறைக்கும் இடத்தில் முதல் சர்வரை வையுங்கள். மறுபடி அளந்து, அடுத்த இடத்தை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.

நிறுவிய அன்று நன்றாக ஓடி, நாலைந்து நிமிடத்தில் சர்வர் மௌனமாகிவிட்டால் மென்பொருளைக் குறை சொல்ல வேண்டாம். ஸ்விட்ச்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (எந்த போர்ட் எந்த மல்டிகாஸ்ட் குழுவைக் கேட்கிறது என்று கவனித்து அதற்கு மட்டும் அனுப்பும் வசதி) இருந்து, ‘இன்னும் வேண்டுமா’ என்று அவ்வப்போது விசாரிக்கும் குவெரியர் இல்லாவிட்டால், வழக்கமான அமைப்பில் 260 நொடி கழித்து ஸ்விட்ச் சர்வரின் போர்ட்டைக் குழுவிலிருந்து நீக்கிவிடும். சர்வர் இருக்கும் விலானில் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி வலையில்) ஒரு குவெரியரை இயக்குங்கள்; ஏற்புச் சோதனையைப் பத்து நிமிடமாவது ஓடவிட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பொறியாளர் ஒருவர்