மழைக்கு முன்னால், எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கு

முடிச்சூரில் அடையாற்றுப் பக்கம் இருக்கும் நம் தெருக்காரர்களுக்கும், அட்மின் அண்ணன்கள் இருவருக்கும் வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்கள்தான். குழுவில் போட்டால் பத்து நிமிடத்தில் மேலே போய்விடும் என்பதால் இதை அச்செடுத்து வீடு வீடாகக் கொடுக்கிறேன்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். முந்தின இரவிலிருந்து விடிவதற்குள் நம் குழுவில் நானூறு செய்திகளுக்கு மேல் வந்திருந்தன. கரண்ட் திரும்பிய பிறகு அத்தனையையும் உட்கார்ந்து படித்தேன். "ஏரி உடைந்தது" என்று ஐந்து பேர் ஒரே வீடியோவை அனுப்பியிருந்தார்கள். அது 2015 வெள்ளத்தில் எடுத்தது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மூன்று புயல் படங்கள். ஸ்கூல் லீவா என்ற கேள்வி திரும்பத் திரும்ப. இவற்றுக்கு நடுவே, காலை 5.40-க்கு, கடைசி வீட்டு அக்கா ஒரு வரி எழுதியிருந்தார்: "தண்ணி ரோட்டுக்கு ஏறிடுச்சு, கீழ்வீட்டுக்காரங்க கிளம்புங்க."

அதை நான் பார்க்கவில்லை. ஏழு மணிக்கு அம்மாவின் கட்டிலுக்கு அடியில் தண்ணீர் வந்த பிறகுதான் எழுந்தோம். அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடி ஏறினோம். ஃப்ரிட்ஜில் இருந்த இன்சுலின் போயிற்று. அக்கா செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். குழுவை மியூட் பண்ணி வைத்திருந்தது நான்தான். ஆனால் மியூட் பண்ணாதவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்?

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. அன்று பாதிச் செய்திகள் செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றியவை. முழு உயரமான 24 அடியில் எத்தனை அடி, எத்தனை கன அடி திறந்தார்கள் என்று மணிக்கொரு தரம். அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே, அதாவது ஆறு நம்மைத் தாண்டிப் போன பிறகு. நம்மை முதலில் தொடுவது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளிலிருந்து வரும் தண்ணீர். அந்த ஏரிகளைப் பற்றி அந்த நானூறில் ஒரு செய்தி கூட இல்லை. எல்லோரும் பயத்தில், அக்கறையில்தான் அனுப்பினோம். அவ்வளவையும் படித்தும் நம் வாசலுக்கு வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே இருந்தோம்.

அதனால் அட்மின் அண்ணன்களிடம் ஒரு வேண்டுகோள். மழைக்கென்று தனியாக ஒரு குழு தொடங்குங்கள். அட்மின் மட்டுமே எழுதலாம் என்று செட்டிங்கில் வைத்துவிடலாம். கடைசி வீட்டு அக்காவையும் அதில் அட்மின் ஆக்குங்கள். நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் அறிக்கை காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை போதும். மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் நடவடிக்கை எடு. இதையும், 1070 (மாநிலம்), 1077 (மாவட்டம்) என்ற பேரிடர் உதவி எண்களையும் குழுவின் விவரத்தில் எழுதிவிட்டால் யாரும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மேல் ஏரிகள் நிரம்புகின்றனவா, ஆறு எந்தப் படி வரை ஏறியிருக்கிறது, தெருவில் கரண்ட் நிறுத்துகிறார்களா, அவ்வளவுதான் அதில் வர வேண்டும். அந்தக் குழுவை யாரும் மியூட் பண்ணக் கூடாது.

மற்ற பேச்செல்லாம் பழைய குழுவிலேயே இருக்கட்டும். அங்கேயும் இரட்டை அம்புக்குறியோடு வருவதை மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். பல கை மாறி வந்தது என்பதற்கான அடையாளம் அது. அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020-லேயே வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. நம் தெருவில் ஆளுக்கொரு முறை அனுப்பியே அதைத் தாண்டிவிடுகிறோம்.

அப்புறம், ஆற்றைப் பார்த்துச் சொல்ல முறை வைத்து ஆள் வேண்டும். இரவு பத்திலிருந்து விடியும் வரை இரண்டு இரண்டு மணி நேரமாகப் பிரித்துக்கொள்ளலாம். நாலிலிருந்து ஆறு வரை நான் எடுத்துக்கொள்கிறேன். மீதி நேரத்துக்குப் பெயர் எழுத ஒரு தாள் எங்கள் கேட்டில் ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்வீட்டுக்காரர் ஒருவர்