வேறு பிரிவில் இருக்கும் எதிரி

கொழும்பு – 06
21.09.2025

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். அக்காவின் கண் சத்திரசிகிச்சையும் நல்லபடியாக முடிந்துவிட்டது. வீட்டுச் செய்திகளைத் தொலைபேசியில் ஆறுதலாகச் சொல்கிறேன். நீ எழுதிய ஒரு வரிக்கு மறுமொழி எழுதாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. லண்டன் உதைபந்தாட்டக் கழகங்களான வெஸ்ட் ஹாமும் மில்வோலும் லீக்கின் வெவ்வேறு பிரிவுகளில் விளையாடுவதால், சந்திப்பு இல்லாத அந்தப் பகை இன்னும் ஒரு தலைமுறையில் தானாகவே அற்றுப்போகும் என்று எழுதியிருக்கிறாய். கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் இத்தனை காலம் குடியிருக்கும் நீ இப்படி எழுதலாமா?

அவ்விரு கழகங்களும் லீக் போட்டியில் கடைசியாக மோதியது 2012 பெப்ரவரியில். உன் மகன் அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். ஆகவே அவன் அறிந்த காலத்தில் அவை ஒருமுறையேனும் எதிரெதிரே நின்றதில்லை. ஆயினும், தன் அணியின் முடிவைப் பார்த்த கையோடு மில்வோல் தோற்றுவிட்டதா என்று தேடுகிறான் என நீயே அதே கடிதத்தில் குறைப்பட்டிருக்கிறாய். உன் வாதத்துக்கு மறுப்பு உன் வீட்டிலேயே இருக்கிறது.

தேம்ஸ் நதிக்கரைத் தொழிலாளர்களிடையே பிறந்த பகை அது. மில்வோல் 1885இல் ஐல் ஒஃப் டோக்ஸ் பகுதியில் தோன்றியது. வெஸ்ட் ஹாம், 1895இல் தேம்ஸ் அயர்ன்வேர்க்ஸ் என்ற கப்பல் கட்டும் நிறுவனத்தின் தொழிலாளர் அணியாகத் தொடங்கியது. 1910இல் மில்வோல் நதியைக் கடந்து தெற்கே போய்விட்டது. பின்னர் துறைமுகங்கள் மூடப்பட்டன, கப்பல் தளங்களும் இல்லாமற் போயின, நீங்கள் இருக்கும் தெருக்களில் இன்று நம்மவர்களின் நகைக்கடைகளும் தோசைக்கடைகளும் இருக்கின்றன. பகையின் காரணங்கள் யாவும் போன பின்னரும், 2009 ஓகஸ்ட் 25ஆம் திகதி, முதற்பிரிவான பிரிமியர் லீக்கில் இருந்த வெஸ்ட் ஹாமும் மூன்றாம் நிலைப் பிரிவில் இருந்த மில்வோலும், வெவ்வேறு பிரிவு அணிகளைக் குலுக்கலில் சேர்க்கும் லீக் கிண்ணத்துக்காக வெஸ்ட் ஹாமின் அப்போதைய மைதானமான அப்டன் பார்க்கில் மோதியபோது மைதானத்துக்கு உள்ளும் புறமும் நடந்த கலவரத்தை நீ மறந்திருக்க மாட்டாய். மேலதிக நேரத்தில் வெஸ்ட் ஹாம் 3-1 என்று வென்றது என்பதை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்களோ தெரியாது. (வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை, அன்றிரவு நீங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்ததை இன்னும் மறக்கவில்லை.)

என் எண்ணம் இதுதான்: பிரிவு வேறாகும்போது குறைவது போட்டிகள் மட்டுமே. மைதானத்தில் தீர்த்துக்கொள்ள வழியில்லாதபோது, ரசிகன் எதிரியின் புள்ளிப் பட்டியலைத் தன் பட்டியலைப் போலவே வாசிக்கத் தொடங்குகிறான். அங்கே எதிரியின் ஒவ்வொரு தோல்வியும், அதில் தன் அணிக்கு எந்தப் பங்கும் இல்லாவிட்டாலும், தன் வெற்றியாகவே கணக்கில் சேர்கிறது.

இதற்குப் போர்ட்ஸ்மவுத்–சவுத்ஹாம்ப்டன் கதையைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. ஒன்று கடற்படையின் நகரம், மற்றையது பயணிகள் கப்பல்களின் துறைமுகம். இடையே ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர்தான். சவுத்ஹாம்ப்டன் 27 பருவங்கள் தொடர்ந்து முதற்பிரிவில் இருந்துவிட்டு, 2005இல் பட்டியலின் அடியில் முடித்துக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. மூன்று வருடங்கள் கழித்துப் போர்ட்ஸ்மவுத், பிரிவு பாராமல் கழகங்கள் மோதும் எஃப்.ஏ. கிண்ணத்தையே வென்றது. 2010 பெப்ரவரியில் அதே கிண்ணத்துக்காக இரண்டும் சந்தித்தபோது சவுத்ஹாம்ப்டன் இரண்டு படிகள் கீழே இருந்தது. அதன் சொந்த மைதானத்திலேயே போர்ட்ஸ்மவுத் 4-1 என்று வென்றது. ஆனால் வென்றவர்களின் வீடு அப்போதே கடனில் எரிந்துகொண்டிருந்தது. அதே மாதத்தில் கழகம் கடன் நெருக்கடியைக் கையாள நியமிக்கப்பட்ட நிர்வாகிகளின் கைக்குப் போனது. 2013இல் போர்ட்ஸ்மவுத் நான்காம் நிலைக்கு இறங்கியபோது, அடுத்தடுத்து இரு தரமுயர்வுகள் பெற்ற சவுத்ஹாம்ப்டன் பிரிமியர் லீக்கில் அமர்ந்திருந்தது. 2024இல் இரண்டும் ஒரே கோடையில் தரமுயர்ந்ததால் அப்போதும் ஒன்றையொன்று தவறவிட்டன. கடைசியில், இவ்வருடம் சவுத்ஹாம்ப்டன் இறங்கிவர, 2012 ஏப்ரலுக்குப் பின் முதலாவது லீக் போட்டி போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பதின்மூன்று வருடக் காத்திருப்புக்குக் கிடைத்த முடிவு 0-0. நான் தேநீரைக் கூடக் குடிக்காமல் பார்த்த போட்டி அது!

அந்தப் பதின்மூன்று வருடங்களுக்கு இடையில் ஒரேயொரு சந்திப்பு, 2019 செப்டெம்பர் 24ஆம் திகதி, லீக் கிண்ணத்துக்காகப் போர்ட்ஸ்மவுத்தின் பிரட்டன் பார்க்கில் நடந்தது. மேலே இருப்பவர்கள் இத்தகைய போட்டிக்கு இளைஞர்களை அனுப்புவது வழக்கம். சவுத்ஹாம்ப்டனோ பலமான அணியையே இறக்கியது. டனி இங்ஸ் இரண்டு கோல்கள் போட, முடிவு 4-0. கீழே கிடப்பவர்களை நாங்கள் நினைப்பதே இல்லை என்று சொல்பவர்கள் அப்படி ஓர் அணியை இறக்குவார்களா? ஆனால் நான் சொல்ல வந்த விடயம் அதற்கு அடுத்த மாதம் நடந்தது. ஒக்டோபர் 25ஆம் திகதி சவுத்ஹாம்ப்டன் தன் சொந்த மைதானத்தில் லெஸ்டரிடம் 0-9 என்று தோற்றது. போர்ட்ஸ்மவுத் ரசிகனுக்கு, தன் அணி பந்தைத் தொடாமலேயே, நான்கு கோல்களுக்கான வட்டியும் முதலும் ஒரே இரவில் வந்து சேர்ந்தன.

மன்செஸ்டர் யுனைட்டெட்டின் பழைய எதிரியான லீட்ஸைப் பற்றி நீ கேட்பாய் என்று தெரியும். 2010 ஜனவரி 3ஆம் திகதி, மூன்றாம் நிலைப் பிரிவில் இருந்த லீட்ஸ், ஜெர்மெய்ன் பெக்ஃபர்ட்டின் ஒரே கோலினால் மன்செஸ்டர் யுனைட்டெட்டை ஓல்ட் ட்ரபர்டில் வீழ்த்தியது. பயிற்றுநர் அலெக்ஸ் பெர்குசனின் காலத்தில் யுனைட்டெட் எஃப்.ஏ. கிண்ண மூன்றாம் சுற்றிலேயே வெளியேறியது அதுவே முதல் தடவை. ஆயினும் இந்தப் பகை சற்று ஒருபக்கமானது என்பதே என் அபிப்பிராயம். மன்செஸ்டர்காரனுக்கு லிவர்பூலும் உண்டு, சிட்டியும் உண்டு. திங்கட்கிழமை காலையில் அவன் வேலைத்தலத்தில் லீட்ஸ் ரசிகனைச் சந்திக்கும் கட்டாயமும் இல்லை. பகை நீடிப்பதற்கு ஒரே ஊரில், ஒரே பஸ்ஸில், ஒரே அலுவலகத்தில் முகம் பார்க்க நேரிடுவது போட்டிகளைவிட அவசியம்.

ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் எதிரிகளாக வாழும் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ அதற்குச் சாட்சி. 2012இல் ரேஞ்சர்ஸ் நிதி வீழ்ச்சியால் நான்காம் பிரிவுக்குத் தள்ளப்பட்டபோது, பழைய கழகம் இறந்துவிட்டது, இது வேறொன்று என்று செல்டிக் ரசிகர்கள் வாதிட்டார்கள். எதிரியே இல்லை என்றால் பகை ஏது? ஆனால் 2016 ஏப்ரல் 17ஆம் திகதி ஸ்கொட்டிஷ் கிண்ண அரையிறுதியில், இன்னமும் இரண்டாம் நிலையில் இருந்த ரேஞ்சர்ஸ் 2-2 என்ற சமநிலைக்குப் பின் பெனால்டி உதைகளில் வென்றது. சில நாள்களிலேயே செல்டிக் பயிற்றுநர் ரொனி டெய்லா பருவ முடிவில் விலகுவதாக அறிவித்தார். அவரது அணி அந்த வருடம் லீக் சம்பியன் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்.

ஆர்ஜென்டீனாவின் புவெனஸ் ஐரிஸில் இன்னும் கொடுமை. ரிவர் பிளேட் 2011இல் ஒரேயொரு பருவம்தான் இரண்டாம் பிரிவில் இருந்தது. ஆனால் 2015 மே மாதத்தில் அதன் எதிரியான பொக்காவின் மைதானத்தின் மேல், இரண்டாம் பிரிவைக் குறிக்கும் ‘பி’ என்ற எழுத்துப் பொறித்த வெள்ளைப் பேயுருவம் ஒன்றை ட்ரோனில் கட்டிப் பறக்கவிட்டார்கள். ரிவர் திரும்பி வந்து மூன்று வருடங்கள் ஆகியும் அந்தப் பேயை விடவில்லை. ஜெர்மனியின் ஹம்பேர்க்கில் சென்ற பருவத்தில், அந்நகரின் கழகங்களான சென் பவுலி மேற்பிரிவிலும் எச்.எஸ்.வி. கீழ்ப்பிரிவிலும் இருந்தன, கடந்த மாதம் எச்.எஸ்.வி. மீண்டும் மேலே வந்து, முதல் சந்திப்பிலேயே தன் மைதானத்தில் 0-2 என்று தோற்றது. இடைவெளி அவர்களுக்கு எதையும் மறக்கச் செய்யவில்லை.

நமக்கு இது புரியாமல் இருப்பதற்குக் காரணம் பாடசாலைப் பெரும்போட்டிகள் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தின் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும், பாடசாலைச் சுற்றுப்போட்டிகளில் எந்த நிலையில் இருந்தாலும், மார்ச் மாதத்தில் வடக்கின் பெருஞ்சமர் என்ற கிரிக்கெட் போட்டியில் சந்தித்தே தீரும்; நாள்காட்டி அதற்கு உத்தரவாதம். இங்கிலாந்தில் அந்த உத்தரவாதம் இல்லை, குலுக்கல் மட்டுமே உண்டு. சன்டர்லாண்ட் ரசிகர்கள் 2016 மார்ச்சுக்குப் பின் அண்டை எதிரியான நியூகாசிலைச் சந்திக்க 2024 ஜனவரி வரை காத்திருந்து, கிண்ணப் போட்டியில் 3-0 என்று தோற்றார்கள். நமது முறையில் இழப்புக்கு அடுத்த வருடமே மருந்து உண்டு. அவர்களுக்கு எத்தனை வருடம் என்று எவரும் சொல்ல முடியாது. நான் விரும்பித் தெரிவு செய்வதென்றால் அவர்களின் முறையைத்தான் தெரிவு செய்வேன், நெஞ்சுக்கு அது நல்லதல்ல என்றாலும்.

வெஸ்ட் ஹாம் இப்பருவத்தின் முதல் ஐந்து போட்டிகளில் நான்கைத் தோற்றிருப்பதைப் பார்த்தால், குலுக்கல் தேவைப்படாமலே, கீழ்ப்பிரிவுக்கு இறங்கி அடுத்த வருடம் மில்வோலைச் சந்திக்கவும் கூடும். இதை உன் மகனுக்கு வாசித்துக் காட்டாதே. நீங்கள் குடும்பமாக ஜனவரியில் கொழும்புக்கு வரும் திட்டத்தில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் எஃப்.ஏ. கிண்ண மூன்றாம் சுற்றும் ஜனவரியில்தான். இரு அணிகளும் சேர்வது அந்தச் சுற்றில்தான். டிசெம்பரில் குலுக்கல் முடியும் வரை விமானச் சீட்டு வாங்க வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய தோழன்