சிறுநீர் பற்றி இரண்டு கேள்விகள்: பொது சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் செல்லும் நடமாடும் மருத்துவக் குழுவினருக்கும் வணக்கம்.

குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டில் பல ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் பரிசோதனைப் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்க்கும்படி கேட்டு இதை எழுதுகிறேன்.

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரை 30 வகைக் குறைபாடுகளைத் தேடச் சொல்கிறது. அவற்றில் 9 பிறவிக் குறைபாடுகள்: உதட்டுப் பிளவு, வளைபாதம், இதயக் கோளாறு, கண்புரை, காது கேளாமை என்று போகும் அந்தப் பட்டியலில் சிறுநீர்ப் பாதை இல்லை. இதயத்தில் ஓட்டை இருந்த எத்தனையோ பிள்ளைகளைக் கண்டுபிடித்து அனுப்பியவர்கள் உங்கள் குழுவினர்தான். அவர்கள் பாவாடை ஈரத்தோடு கடைசி பெஞ்சில் இருக்கும் சிறுமியைக் கடந்து போய்விடுகிறார்கள் என்றால், அவளிடம் என்ன கேட்க வேண்டும் என்று படிவம் சொல்லாததுதான் காரணம்.

மூத்திரப்பை வெளியே திறந்தபடி பிறக்கும் பிள்ளையை யாரும் தவறவிடுவதில்லை. பிறந்த அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாதவைதான் என் கவலை.

முதலில் அந்தச் சிறுமி. ஏழெட்டு வயதில் எங்களிடம் வருவாள். அம்மாவின் பையில் பழைய காட்டன் சேலையைக் கிழித்து மடித்த துணி ஒரு கட்டு இருக்கும். தொடை இடுக்கு வெந்து, பவுடர் அப்பிய தடம் தெரியும். "ஒழுங்காத்தான் ஒண்ணுக்குப் போறா சிஸ்டர், போயிட்டு வந்த அஞ்சு நிமிஷத்துல மறுபடி நனைஞ்சிருக்கு" என்பார் தாய். நோய் முழுவதும் அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. ஆனால் அதற்குள் பூச்சி மருந்து, படுக்கையில் நனைப்பதற்கான மாத்திரை, மந்திரிப்பு, அடி, எல்லாம் முடிந்திருக்கும்.

சில பெண் குழந்தைகளுக்கு ஒரு சிறுநீரகத்திலிருந்து இரண்டு குழாய்கள் இறங்கும். அதில் மேல் பாகத்திலிருந்து வரும் குழாய் மூத்திரப்பைக்குள் போகாமல், அடக்கும் தசைக்கும் கீழே, பிறப்புறுப்பை ஒட்டித் திறந்துவிடும். மற்றக் குழாய்கள் வழியாகப் பை நிரம்பும். அவளும் மற்றப் பிள்ளைகளைப் போல அடக்கிப் போவாள். வழிதவறிய அந்தக் குழாய் மட்டும் இரவு பகலாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆண் குழந்தைகளுக்கு இப்படிச் சொட்டாது. அவர்களுக்கு அந்தக் குழாய் அடக்கும் தசைக்கு மேலேயே திறக்கும்.

சாதாரண ஸ்கேனில் இது பல நேரம் பிடிபடாது. அந்த மேல் பாகம் சுருங்கிச் சிறிதாக இருந்தால், 'இரண்டு சிறுநீரகமும் நார்மல்' என்று ரிப்போர்ட் வரும். குடும்பம் மறுபடி பிள்ளையைத் திட்டத் தொடங்கும். எங்கள் டாக்டர்கள் அவளைப் படுக்கவைத்து, நல்ல வெளிச்சத்தில், துடைத்துவிட்டுப் பொறுமையாகப் பார்ப்பார்கள். ஒரு துளி ஊறி நிற்கும். துடைத்தால் திரும்ப ஊறும். பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தால் குழாய் போகும் வழி தெரியும். அந்தக் குழாயை நல்ல குழாயோடு இணைப்பார்கள். மேல் பாகம் வேலையே செய்யாவிட்டால் அதை மட்டும் எடுப்பார்கள். ஈரம் நின்றுவிடும். இதற்காக அந்தக் குழந்தை இத்தனை வருடம் அடிவாங்கியிருக்கிறாள் என்பதை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

ஆண் குழந்தையின் கதை வேறு. அங்கே பறிபோவது சிறுநீரகம். சிறுநீர் வெளிவரும் பாதையில் மெல்லிய சவ்வு ஒன்று வால்வு போல அடைத்துக்கொள்ளும். குழந்தை முக்கும், சிறுநீர் நூலாகவோ சொட்டாகவோ வரும். வயிற்றில் இருக்கும்போதே அழுத்தம் பின்னோக்கி ஏறி இரண்டு சிறுநீரகங்களும் வீங்கத் தொடங்கும். கர்ப்பகால ஸ்கேனில் 'இரு பக்கமும் சிறுநீரக வீக்கம்' என்ற வரியாக அது வந்திருக்கும். அந்தக் காகிதம் வீட்டு பீரோவிலேயே கிடக்கும். நேரத்தில் தெரிந்தால், பிறந்ததும் மெல்லிய குழாய் போட்டுச் சிறுநீரை வடித்து, எக்ஸ்ரேயில் உறுதிசெய்து, சிறுநீர்ப் பாதைக்குள் விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப் என்ற கருவி வழியாகச் சவ்வை நீக்குவார்கள். அதோடு முடிவதில்லை. இறுகிப்போன மூத்திரப்பையும் பாதிக்கப்பட்ட சிறுநீரகமும் வளரும் காலம் முழுவதும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனைக்கு வராமல் நின்றுபோய், சில வருடம் கழித்து டயாலிசிஸுக்கு வந்த பையன்களை எனக்குத் தெரியும்.

ஆகவே என் கோரிக்கை இது. பெண் குழந்தையிடமோ தாயிடமோ கேளுங்கள்: ஒழுங்காகச் சிறுநீர் போன பிறகும் எப்போதும் ஈரமாகவே இருக்கிறதா? ஆண் குழந்தையின் தாயிடம் கேளுங்கள்: சிறுநீர் பீய்ச்சி வருகிறதா, சொட்டுகிறதா? முடிந்தால் ஒருமுறை நேரிலேயே பாருங்கள். பதில் சந்தேகம் தந்தால், ஸ்கேன் நார்மல் என்றாலும், மாவட்ட இடையீட்டு சேவை மையம் வழியாக குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்புங்கள். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்கான கைகள் இருக்கின்றன.

கர்ப்பகால ஸ்கேனில் சிறுநீரக வீக்கம் என்று வந்தால், அது தாயின் அட்டையில் சிவப்பு மையில் ஏறட்டும். பிரசவம் பார்ப்பவர் கண்ணில் படட்டும். வால்வு நீக்கிய பையன்களின் பெயர் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் இருக்கட்டும். தடுப்பூசிக்கு வீடு தேடிப் போய் நினைவூட்டும் அந்தச் சகோதரிகளுக்கு, 'தம்பிக்கு ரத்தம் பார்த்தாச்சா?' என்று கேட்பது புதிய பாரமாக இருக்காது.

ஜூனில் பள்ளி திறந்து குழுக்கள் கிளம்புமுன் இந்த இரண்டு கேள்விகளும் படிவத்தில் அச்சாகிவிட வேண்டும். குழுவினருக்குப் பயிற்சி தர அழைத்தால் எந்த மாவட்டத்துக்கும் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்