பேர் கேட்காமல் விட்ட அண்ணனுக்கு நன்றி

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு போன பேருந்தில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அண்ணா, இது உங்களுக்காக.

மாலத்தீவு போகிறோம் என்று மனைவி சொன்னதும், "கார்டுல வெளிநாட்டு உபயோகத்தை ஆன் பண்ணிட்டீங்களாம்மா?" என்று கேட்டீர்கள். நாங்கள் விழித்தோம். சூளகிரி தாண்டுவதற்குள் வங்கி ஆப்பைத் திறக்க வைத்து, எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தீர்கள். அப்புறம் எங்கள் டாலர் நோட்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். ஓரம் கிழிந்த இருபது டாலரைத் தனியே எடுத்து, "இதை நம்பி இருக்காதீங்க" என்றீர்கள். அங்கே ஒரு கடையில் அந்த நோட்டைத்தான் வாங்காமல் திருப்பிக் கொடுத்தார்கள்.

மாலத்தீவின் மாஃபுஷி தீவில் கார்டு மெஷின் இந்திய ரூபாயா, உள்ளூர்க் காசான ருஃபியாவா என்று கேட்டது. "ரூபாய்னு அழுத்தாதீங்க, மாத்துற விலையில காசு போயிடும்" என்ற உங்கள் குரல்தான் காதில் கேட்டது. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும் 17 சதவீத வரியும் தனி என்பதும், சின்ன விடுதியில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டாலர் பசுமை வரி என்பதும் முன்பே தெரிந்திருந்ததால், கடைசி நாள் பில்லைப் பார்த்துப் பதறவில்லை. மிச்ச ருஃபியாவையும் அங்கேயே செலவழித்துவிட்டோம்.

அத்திப்பள்ளியில் அவசரமாக இறங்கிவிட்டீர்கள். இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள் அண்ணா. மாம்பழ சீசனுக்குக் குடும்பத்தோடு போச்சம்பள்ளி வீட்டுக்கு வரவேண்டும்.