சுவருக்கு அந்தப் பக்கத்து சத்தம்

பாப்பா,

நேத்து போன்ல உன் குரல்லயே தெரிஞ்சுது நீ சரியா தூங்கலன்னு. நான் அங்க தங்கின நாலு நாளும் பாத்தேன், பக்கத்து வீட்டு டிவி ஓயுற வரைக்கும் தலகாணிய காது மேல அமுக்கிக்கிட்டு படுத்திருந்த, எனக்கு மனசு கேக்கல, போன்ல சொன்னா பாதி விட்டுப்போகும்னுதான் எழுதுறேன்.

மொதல்ல, சுவர்ல ஒட்டலாம்னு நீ சொன்ன அந்த ஃபோம் ஷீட்ட ஆர்டர் பண்ணாத. அது ரூமுக்குள்ள எதிரொலிக்கிறத குறைக்கும், அவ்ளோதான், சுவர தாண்டி வர்றத நிறுத்தாது, முட்டை அட்டையும் அப்படித்தான். நான் வேலைக்கு சேந்த புதுசுல ஒரு வீட்ல சுவர் பூரா ஃபோம் ஒட்டிக் கொடுத்தோம், ஒண்ணும் குறையல, அந்த வீட்டம்மா அன்னிக்கு என்னைப் பாத்த பார்வை இன்னும் மறக்கல.

கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி நீ தூங்கினப்புறம் ஹால் பக்கமிருந்து சுவர்ல காத வச்சு கேட்டுக்கிட்டே வந்தேன். எல்லா இடத்துலயும் மொணமொணப்புதான், ஆனா அந்த ஸ்விட்ச் பாக்ஸ் கிட்ட வந்ததும் நியூஸ் வாசிக்கிறது வார்த்தை வார்த்தையா கேட்டுச்சு. அவங்க பாக்ஸும் நேர் பின்னாடிதான் இருக்கணும், ரெண்டுக்கும் நடுவுல செங்கல்லே இருக்காது. எலக்ட்ரீஷியன கூப்ட்டு மெயின ஆஃப் பண்ணி, பாக்ஸ கழட்டி பின்னாடி நல்லா கலவை வச்சு அடைக்கச் சொல்லு, விளிம்புக்கும் சுவர் சீலிங்க தொடுற கீறலுக்கும் அக்கூஸ்டிக் சீலன்ட்தான் போடணும், அது காஞ்சாலும் ரப்பர் மாதிரி இழுபடும், சாதா புட்டி வெடிச்சு திரும்ப வழி விட்டுரும். காத்து போற இடத்துல எல்லாம் சத்தமும் போகும்மா.

அதுக்கப்புறமும் தாங்கலன்னாதான் சுவர் வேலை. சும்மா பூச்சு மேல பூச்சு போட்டு பிரயோஜனமில்ல, சுவரோட கனத்த ரெண்டு மடங்காக்கினாலும் 5, 6 டெசிபல்தான் குறையும், காதுக்கு பாதியா தெரியணும்னா 10 டெசிபலாவது குறையணும். பழைய சுவர தொடாம 1 இன்ச் தள்ளி தனி ஃப்ரேம் நிறுத்தி, உள்ள 50 மிமீ ராக்வுல், அதாவது கல்ல உருக்கி செஞ்ச பஞ்சு மாதிரி பலகை, முன்னாடி 12.5 மிமீ ஜிப்சம் போர்டு ரெண்டு லேயர், ஜாயின்ட் மேல ஜாயின்ட் வராம போடணும். ரூம்ல ஒரு 4 இன்ச் போயிடும், போகட்டும். வேலை நடக்கும்போது நீ கூடவே நில்லு, அவசரத்துல ஃப்ரேம பழைய சுவரோட சேத்து ஸ்க்ரூ அடிச்சிருவாங்க, அந்த ஸ்க்ரூ வழியாவே சத்தம் ஏறி வந்துரும்.

ஆனா அந்த டம் டம்முன்னு அதிர்றது இருக்கே, அது இதுக்கெல்லாம் லேசுல அடங்காது, தரை வழியாவும் வருது. அவங்க ஸ்பீக்கர் அந்த சுவர்லயே மாட்டியிருந்தா சுவரே ஸ்பீக்கராயிடும். பக்கத்து வீட்டு அக்காகிட்ட போய் பேசு, நீ காய்ச்சல்ல கிடந்தப்ப கதவ தட்டி விசாரிச்சவங்க அவங்க, ஸ்பீக்கர கழட்டி அடியில ரப்பர் பேட் வச்சு எதிர்ப்பக்கம் வைக்க முடியுமான்னு கேளு, பேட் நாமளே வாங்கித் தருவோம்னு சொல்லு.

கட்டில இன்னிக்கே அந்த சுவர்லேருந்து தள்ளிப் போட்டுரு. சுவரோட நீளம் உயரம் டேப் வச்சு அளந்து அனுப்பு, போர்டு எத்தனைன்னு நான் கணக்கு போட்டுத் தர்றேன்.

அப்பா