ஓவியம் முதலில், பியர் பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவிலிருந்து என் பெறாமகனும் அவனுடைய நண்பர்களுமாக ஒன்பது பேர் அண்மையில் வந்திருந்தார்கள். கொழும்பு கறுவாத்தோட்டத்தில் ஓவியங்கள் பார்க்க வேண்டும். சிறிய அளவில் காய்ச்சும் பியரையும் சுவைக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் கொடுத்தேன். அது என் பிழை.

அவர் முதலில் குறித்துத் தந்த நாள் போயா! பௌர்ணமியன்று இந்த நாட்டில் மது விற்பனை கிடையாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். சரி, நாளை மாற்றினார். ஆனால் பகல் முழுவதும் பியர், மாலையில் ஓவியம் என்று வரிசைப்படுத்தியிருந்தார். ஆனந்த குமாரசுவாமி மாவத்தையை அடைந்தபோது எங்கள் பிள்ளைகளின் குரல் வீதியின் மறுகரை வரை கேட்டது. பூங்காவோரம் படங்களைச் சாய்த்துவைத்து விற்கும் ஓவியர் ஒருவரிடம், பாதி விலைக்குத் தருவீர்களா என்று ஒருவன் சிரித்துக்கொண்டே கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை. படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. 1877இல் கொழும்பில் பிறந்து, கலைக்காகவே வாழ்ந்த ஒரு தமிழரின் பெயர் தாங்கிய தெருவில் இப்படி.

மறுநாள் நானே கூட்டிப்போனேன். காலையில் லயனல் வென்ட் அரங்கு. பின்னர் பார்ன்ஸ் பிளேஸில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு. 1943இல் உருவான ‘43 குழு’ என்ற ஓவியர் குழுவின் ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. முதல் நாள் கத்தியவர்கள்தாம், ஒரு படத்தின் முன் பத்து நிமிடம் பேச்சில்லாமல் நின்றார்கள்.

மாலையில் ஆளுக்கு ஒரு கிளாஸ். நான் இரசாயனவியல் படிப்பித்தவன். வாய் சும்மா இருக்குமா? முளைவிட்ட வாற்கோதுமையைக் காய்ச்சி, கசப்புத் தரும் ஹொப்ஸ் பூக்களைச் சேர்த்து, ஆறவைத்து ஈஸ்ட் இடுவார்கள். பியரில் ஏல் என்ற வகை சற்று வெப்பத்தில் சில நாட்களில் நொதிக்கும். லாகர் என்ற வகைக்குக் குளிரும் பொறுமையும் வேண்டும். நம் பனங்கள்ளுக்கோ இந்தச் சடங்கெல்லாம் இல்லை. பனையில் கட்டிய மண்முட்டியில் விழும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு பூசிய முட்டியென்றால் இனிப்பு மாறாத கருப்பணி. “அதை ஏன் எங்களுக்குக் காட்டவில்லை?” என்றான் பெறாமகன். பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடிக்க வேண்டியதைக் கொழும்பில் எங்கே தேடுவது?

ஏற்பாட்டாளர்களிடம் நான் கேட்பது இதுதான்: காலையில் ஓவியம், மாலையில் பியர் என்று வையுங்கள். 21 வயது நிரம்பாதவர்களைக் குழுவில் சேர்க்காதீர்கள், சட்டமும் அதுதான். குடித்தவர்களை ஓவியர்களின் முன் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

விமான நிலையத்துக்குப் புறப்படும் நாளில் பெறாமகன் அதே ஓவியரிடம் போய், அவர் சொன்ன விலைக்கே அந்தப் படத்தை வாங்கினான். அவர் அவனுடைய முகத்தைப் பார்க்காமலே பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
வெள்ளவத்தை